ஓடு மாற்றினால் மரபு, கோயில் கட்டினால் புதுக்கட்டடமா?

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றிப் புதுப்பிக்கப்பட்டு நிற்கும் ஒல்லாந்தர் காலக் கட்டடங்களைப் பார்த்துவிட்டு ஒருவர் எழுதிய கட்டுரை கைமாறிக் கைமாறி என்னிடமும் வந்து சேர்ந்தது. கட்டடங்களை அவர் ரசித்திருக்கிறார். அதில் எனக்குக் குறையில்லை. தடித்த சுவரும் அகன்ற விறாந்தையும் கடற்காற்றும் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் ரசனையோடு நிற்காமல் தீர்ப்பும் எழுதியிருக்கிறார். கோட்டையும் அதைச் சார்ந்தவையும் வெள்ளையர் போனபின் கைவிடப்பட்டுக் கிடந்த குடியேற்றம் என்கிறார். அதைத் தூசு தட்டி எடுத்ததால்தான் ஊருக்கு ஒரு வரலாறு கிடைத்தது என்கிறார். கோட்டைக்குள் மலையுச்சியில் இருக்கும் கோணேசர் கோயில் 1963இல் குடமுழுக்குச் செய்த நவீன கட்டடம், அதற்குத் தொல்பொருள் மதிப்பு எதுவுமில்லை என்கிறார். கோயிலுக்குப் போய்வரும் கூட்டமும் வழியோரக் கடைகளும் கோட்டையின் தோற்றத்தைக் கெடுக்கின்றன, அவற்றை ஒதுக்கிவிட்டு இந்த இடத்தைக் காலிக் கோட்டையைப் போல ஓர் ஒல்லாந்தர் நகராக்க வேண்டும் என்று முடிக்கிறார்.

இதில் ஒரு படிகூட நிலத்தில் ஊன்றி நிற்கவில்லை. அந்தக் கடைசி யோசனை அநியாயமானது. கற்களைப் பறித்தவனுக்குக் கட்டடக்கலைஞன் என்ற பட்டத்தைக் கொடுத்து, பறிகொடுத்தவனை அதே வாசலில் நின்று வழிவிடச் சொல்லும் யோசனை அது.

முதலில், கைவிடப்பட்டது என்ற கதை. போர்த்துக்கேயர் 1620களில் கட்டிய கோட்டையை 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனிடம் கைமாறி அது இடிபட்டது. 1660களில் ஒல்லாந்தர் திரும்பி வந்து மறுபடி கட்டினார்கள். 1782 ஆம் ஆண்டு ஒன்றிலேயே சனவரியில் ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸ், ஓகஸ்டில் பிரெஞ்சு அட்மிரல் சுப்ரேன் என்று இரண்டு கடற்படைகள் அதைப் பிடித்தன. பின்பு ஒல்லாந்தருக்கே திரும்பிப்போய், 1795இல் மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பிரட்ரிக் கோட்டை என்ற பெயர் 1803இல்தான் வந்தது. 1957 ஒக்டோபர் 15ஆம் திகதி பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. அன்றுமுதல் இன்றுவரை துறைமுகக் கரையில் இலங்கைக் கடற்படை இருக்கிறது. கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. துறைமுக வாயிலைக் காத்த ஒஸ்டன்பேர்க் கோட்டை கடற்படைத் தளத்துக்குள் கிடக்கிறது. அதைப் பார்க்க அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காவலரணைத் தாண்டி, அடையாள அட்டையைக் காட்டிப் பார்க்கப் போகும் இடத்தைக் கைவிடப்பட்ட இடம் என்று ஒருவரால் எப்படி எழுத முடிந்தது?

1957இல் வெளியே போனவர்கள் பிரித்தானிய அதிகாரிகள்தான். ஊர் போகவில்லை. கடற்படைத் தளத்தின் டொக்யார்டில் வேலைசெய்த குடும்பங்கள் அதற்குப் பிறகும் இங்கேதான் இருந்தன. வேலை போன பின்பும் இருந்தன. ஒல்லாந்தர் குடாவை ஒட்டிய திருக்கடலூரில் வலை காய்கிறது. திருமலை என்று நாங்கள் சுருக்கி அழைக்கும் இந்த ஊரிலும் மட்டக்களப்பிலும் உள்ள பறங்கியர் சிலரின் வீடுகளில் போர்த்துக்கேயக் கிரியோல் பேச்சு இன்னும் கேட்கிறது. ஐரோப்பியர் விட்டுச்சென்றதைத் தேடி வந்த கட்டுரையாளர் கட்டடங்களோடு திரும்பிவிட்டார். அந்தக் காலத்தைத் தங்கள் நாவில் வைத்திருக்கும் மனிதர்களைப் பற்றி அவரது கட்டுரையில் ஒரு வரி இல்லை.

கோயிலின் விஷயத்தில் அவர் செய்திருப்பது இதைவிடப் பெரிய பிழை. சம்பந்தர் பதிகம் பாடிய தலம் இது. ஏழாம் நூற்றாண்டிலேயே கடல் கடந்து பேர்போன கோயில். அந்தப் பாறையில் உச்சியிலும் நடுவிலும் அடியிலுமாக மூன்று கோயில்கள் நின்றதைப் போர்த்துக்கேயப் பாதிரியார் பெர்னாவோ டி குவேறோஸே எழுதியிருக்கிறார். தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா அவற்றை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டையை எழுப்பினான். இது தமிழர் வாய்வழியாகச் சொல்லிவந்த மனத்தாங்கல் மட்டுமன்று. இடித்தவர்களின் பக்கத்து எழுத்திலேயே இருக்கிறது. கோட்டை வாசலில் நின்று நிதானமாகப் பார்த்தால் பாண்டியர் சின்னமான இரட்டைக் கயல் செதுக்கிய கல் கண்ணில் படும். ஒல்லாந்தனோ போர்த்துக்கேயனோ தன் கோட்டைக்குக் கயல் செதுக்குவானா? 1223ஆம் ஆண்டுக்குரிய, சோடகங்கனைக் குறிப்பிடும் கிரந்த எழுத்துச் சமஸ்கிருதக் கல்வெட்டும் கோட்டைக்குள்தான் கிடைத்தது. கோயிலின் நிலைக்காலாக இருந்த கல் அது. கட்டுரையாளர் ரசித்த மதிலுக்குள் இருப்பது அவர் மதிப்பில்லை என்று தள்ளிய கோயில். மதிலுக்கு வயது கொடுத்துவிட்டு, அதன் கல்லுக்கு வயதில்லை என்கிறார்.

இடித்த பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் அவர் முழுக்கத் தவிர்த்திருக்கிறார். கோயிலின் திருவுருவங்களில் சிலவற்றை அடியார்கள் காப்பாற்றிக் கொண்டுபோனார்கள் என்பதும், தம்பலகாமத்து ஆதிகோணேஸ்வரம் அந்த வழியில் எழுந்தது என்பதும் எங்கள் மரபு. மலைக்கும் வழிபாடு திரும்பியது. 1859இல் வெளிவந்த தன் நூலில் பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் அதை எழுதியிருக்கிறார்: கோபுரமோ மண்டபமோ இல்லாத பாறை விளிம்பில் பூசகர் நின்று கடலுக்குள் காணிக்கை இடுகிறார், அடியார்கள் சூழ நிற்கிறார்கள். ஆங்கிலேயப் படை கோட்டைக்குள் இருந்த காலம் அது. கட்டடமே இல்லாமல் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஒரு கோயில் அந்த இடத்தில் இருந்திருக்கிறது. கல் போனபின்பும் ஊர் அந்த மலையை விடவில்லை. இவ்வளவு நீண்ட பற்றுதலுக்கு முன்னால் கைவிடப்பட்டது என்று எழுதிய பேனா கொஞ்சம் தயங்கியிருக்க வேண்டும்.

1950இல் கோட்டைக்கு அருகே கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தரும் சந்திரசேகரரும் அம்மனும் வெண்கலத் திருவுருவங்களாக வெளிவந்தார்கள். யாரோ ஒருவர் ஆபத்து வரும் வேளையில் மண்ணுக்குள் ஒளித்துவைத்த தெய்வங்கள் அவை. 1956இல் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் கோயில் நின்ற சுவாமி மலையின் அடியில் கடலுக்குள் முழுகிப் பார்த்து, செதுக்கிய தூண்களையும் கோயில் சிதைவுகளையும் கண்டார்கள். கிளார்க் அதை ‘தப்ரோபேனின் பவளப்பாறைகள்’ என்று பொருள்படும் நூலில் எழுதினார். ஊர்மக்கள் கைப்பணம் சேர்த்து, மண்ணிலிருந்து வந்த அந்தத் திருமேனிகளை வைத்துக் கட்டி, 1963இல் குடமுழுக்குச் செய்தார்கள். இதைத்தான் நவீன கட்டடம் என்று இரண்டு சொல்லில் முடித்திருக்கிறார்.

கோயிலின் இன்றைய தோற்றம் முழுவதும் எனக்கு ஒப்பானது என்று நான் சொல்லவரவில்லை. பிற்காலத்தில் வந்த பெரிய சிமெந்துச் சிலைகளும் கண்ணை உறுத்தும் வர்ணங்களும் அந்தப் பாறையின் கம்பீரத்துக்குப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். கோயிலார் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் வர்ணம் பிடிக்கவில்லை என்பது வேறு, வரலாறு இல்லை என்பது வேறு.

இனி அவரது அளவுகோலுக்கு வருவோம். உள்துறைமுகக் கரையில் ஒல்லாந்தர் காலத்துக் கடற்படை ஆணையாளரின் இல்லம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடம். நெதர்லாந்து அரசின் உதவியோடு அதைச் சீர்செய்து 2013இல் கடல்சார் வரலாற்று நூதனசாலையாகத் திறந்தார்கள். நல்ல வேலை. அது விழுந்து போகாமல் நிற்பதில் எனக்கு மகிழ்ச்சி. அதைத்தான் கட்டுரையாளர் உண்மையான மரபு என்று கொண்டாடுகிறார். இப்படியான எந்தப் புனரமைப்பிலும் கூரைமரமும் ஓடும் பூச்சும் கதவு யன்னலும் பெரும்பாலும் புதிதாகத்தான் வரும். வராவிட்டால் கட்டடம் நிற்காது. ஒல்லாந்தர் வீட்டில் அந்தப் புதுமை மன்னிக்கப்படுகிறது. மரபு மீண்டது என்று பாராட்டப்படுகிறது. கோணேசர் கோயிலில் அதே புதுமை குற்றமாகிறது. ஒல்லாந்தர் வீடு காலத்தால் சிதைந்தது. கோயில் மனிதக் கையால் திட்டமிட்டு இடிக்கப்பட்டது. காலம் அழித்ததைப் புதுப்பித்தால் உண்மையானது, படை அழித்ததைப் புதுப்பித்தால் போலியானது என்ற கணக்கை யார் வகுத்தார்கள்? அந்தக் கணக்கின்படி ஒன்றை முற்றாக இடித்துவிட்டவனே என்றென்றைக்கும் வென்றவனாகிறான்.

உலகம் இப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. இரண்டாம் உலகப்போரில் தரைமட்டமான வார்சோ பழைய நகரைப் போலந்து மக்கள் மறுபடி கட்டினார்கள்; 1980இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அழிக்க முனைந்தவர்களை மீறிக் கட்டியெழுப்பியதே அதன் பெறுமதி. யப்பானில் இசே ஆலயத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை முற்றிலும் புதிய மரத்தால் கட்டுகிறார்கள். அதனால் அதற்குத் தொன்மை இல்லை என்று சொல்லும் அறிஞர் எவருமில்லை. 1994இல் நாரா நகரில் கூடிய மரபுரிமை வல்லுநர்கள், ஒன்றின் உண்மைத்தன்மையை அதன் மூலப்பொருளின் வயதால் மட்டும் அளக்கக்கூடாது, அந்தந்தப் பண்பாட்டின் முறைப்படி அளக்க வேண்டும் என்று எழுத்தில் வைத்தார்கள்.

எங்கள் முறையில் அது எப்போதும் இருந்தது. ஆகமத்தில் ஜீர்ணோத்தாரணம் என்று தனி விதியே இருக்கிறது. பழுதுபட்ட கோயிலில் தெய்வத்தைப் பாலஸ்தாபனம் செய்து வைத்து, திருப்பணி முடித்து, மறுபடி குடமுழுக்காட்டி எழுந்தருளச் செய்வார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதைச் செய்வது வழக்கம். கோயில் என்பது இடமும் தெய்வமும் வழிபாடும் சேர்ந்தது; கல் மாறும். இந்தப் பண்பாட்டின் கோயிலை அளக்க வந்தவர் இந்தப் பண்பாட்டின் அளவுகோலை எட்டியும் பார்க்கவில்லை.

திருமலையின் பெயரையே தாங்கிய கப்பல் ஒன்று இருக்கிறது. 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிமுடித்த ‘டிரிங்கோமலி’ என்ற போர்க்கப்பல். இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் ஏறத்தாழப் பத்தாண்டு வேலைசெய்து, 2001இல் புனரமைப்பை முடித்து, மிதந்தபடி வைத்திருக்கிறார்கள். அழுகிய பலகைகளைக் கழற்றிப் புதிய பலகைகள் போட்டார்கள். அது அசல் கப்பல் இல்லை என்று எந்த ஆங்கிலேயனும் அதை ஒதுக்கவில்லை. ஒதுக்கவும் கூடாது. அந்த நியாயத்தை எங்கள் பெயரைச் சுமக்கும் கப்பலுக்குக் கொடுத்து, எங்கள் கோயிலுக்கு மறுக்கிறவரோடுதான் எனக்கு வழக்கு.

கோட்டையை ஒரே காலத்துக் கோட்டையாகத் திருத்த வேண்டும் என்று கேட்பவர், தொல்பொருள் பாதுகாப்பின் அடிப்படைச் சாசனத்தையாவது வாசித்திருக்க வேண்டும். 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் பதினோராவது பிரிவு இதைத் தெளிவாகவே தடுக்கிறது. ஒரு சின்னத்தில் எல்லாக் காலங்களும் சேர்த்த பங்களிப்பை மதிக்க வேண்டும், ஒரே பாணிக்குள் கொண்டுவருவது மீளமைப்பின் நோக்கமன்று என்பது அதன் கருத்து. பிரட்ரிக் கோட்டையில் சோழரும் பாண்டியரும் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இன்றைய ஊர்மக்களும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிறார்கள். அதிலிருந்து ஒரு படையை மட்டும் உரித்தெடுத்து வைத்தால் அது தொல்லியல் ஆகாது. விற்பனைக்கு வைத்த அலங்காரம்.

காலியை அவர் உதாரணம் காட்டுவது அவருக்கே பாதகம். 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிய காலிக் கோட்டை வெறும் ஒல்லாந்தர் நகராக இருந்ததில்லை. உள்ளே பள்ளிவாசல் இருக்கிறது, விகாரை இருக்கிறது, நீதிமன்றமும் பாடசாலையும் இருக்கின்றன, தலைமுறையாக வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. வீடுகள் ஒவ்வொன்றாக விலைபோய் விடுதிகளாக மாற, அந்தக் குடும்பங்கள் குறைந்துவருவதுதான் காலியின் துயரம். அவர் பார்த்துப் பொறாமைப்படுவது அந்தத் துயரத்தை.

தரங்கம்பாடியையும் நினைத்துப் பார்க்கலாம். 1620இல் டேனியர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டைக்கும் அதைச் சுற்றிய பழைய வீடுகளுக்கும் டென்மார்க்கிலிருந்து ஆர்வமும் பணமும் வந்தன. கட்டடங்கள் அழகாக மீண்டன. கோட்டைக்குச் சற்றுத் தொலைவில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் அலையலையாகத் தின்றுகொண்டிருந்தது. வந்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கம் திரும்பினார்கள்? வெளிநாட்டு உதவி கிடைக்கும் கட்டடத்தையே வரலாறு என்று எண்ணிப் பழகிய கண், உதவி கிடைக்காததைக் காணாது. கட்டுரையாளரின் கண் அப்படிப் பழகியது.

வழியோரக் கடைகளுக்கு வருகிறேன். தேங்காய், கற்பூரம், சங்கு, சிப்பிமாலை விற்கும் அந்தக் கடைகள் கோட்டையின் அழகைக் கெடுக்கின்றன என்கிறார். குப்பை ஒரு பிரச்சினைதான். கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் பிளாஸ்டிக் உறைகளைத் தின்பதைப் பார்த்து மனம் கொதித்திருக்கிறேன். அதற்குத் தீர்வு குப்பையை ஒழுங்காக அள்ளுவதும் உறைகளை நிறுத்துவதும். கடைக்காரர்களை எழுப்புவது தீர்வாகாது. அதே வீதியில் இராணுவத்தின் கட்டடங்களும் வாகனங்களும் நிற்கின்றன. அவை எந்த ஒல்லாந்தர் காலத்தவை? அவை அவருக்குத் தோற்றக்கேடாகத் தெரியவில்லை. ஆயுதம் ஏந்தியவர் இருக்கும் கட்டடத்தைப் பற்றி ஒரு சொல் எழுதத் துணியாமல், கச்சான் விற்கும் பெண்ணை ஒதுக்கச் சொல்லும் எழுத்தை நான் மதிக்கமாட்டேன்.

ஒல்லாந்தர் காலத்தையே எடுத்துக்கொண்டாலும் அவர் அதை அரைகுறையாகத்தான் அறிந்திருக்கிறார். அவர்களின் ஆட்சி கோட்டைக்குள் முடங்கவில்லை. கொட்டியாரப்பற்று, தம்பலகாமப்பற்று, கட்டுக்குளப்பற்று என்று வன்னிபங்களோடும் உழவரோடும் கட்டுண்டிருந்தது. 1786இல் திருகோணமலையின் ஒல்லாந்தத் தலைமை அதிகாரி வான் செண்டன் மாவட்டத்தைச் சுற்றிவந்து, ஊர்கள், குளங்கள், வயல்கள், குடிகள் பற்றி நாட்குறிப்பு எழுதிவைத்தான். அந்த ஒல்லாந்தனுக்கே தெரிந்திருந்தது, இந்தத் துறைமுகம் அதைச் சூழ்ந்த மக்களின் உழைப்பில் நிற்கிறது என்று. 240 ஆண்டு கழித்து எழுதுகிறவரின் ஒல்லாந்தர் நகரில் தளபதிகளும் பீரங்கிகளும் மட்டும் இருக்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்துக்கும் அதே கதி. எழுத்தாளர் ஜேன் ஒஸ்டினின் தம்பி சார்ள்ஸ் ஒஸ்டின் என்ற அட்மிரலின் கல்லறை திருமலையில் இருப்பதை அவர் வியந்து எழுதுகிறார். நல்ல செய்தி. சீனக்குடாவில் ஏறத்தாழ நூறு எண்ணெய்த் தாங்கிகளுக்கு இரும்புத் தகடு சுமந்தவர்களும், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது டொக்யார்டில் நின்ற கூலிகளும் எங்கே புதைந்தார்கள் என்று அவர் கேட்கவில்லை.

மீளமைப்பு காயத்தை மூடி மறைக்கவும் வல்லது. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தை வெள்ளை பூசி 2003இல் மறுபடி திறந்தபோது, எரிந்த சுவரில் ஒரு பகுதியையாவது அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம். புதிய சுவரைப் பார்த்துவிட்டுப் போகிறவர், அங்கே என்ன எரிந்தது என்று யாராவது சொன்னால்தான் அறிவார். பிரட்ரிக் கோட்டையிலிருந்து இறங்கி ஒல்லாந்தர் குடாக் கரையோரமாக நடந்தால், 2006 சனவரி 2ஆம் திகதி ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்ட கடற்கரை வரும். அந்தக் கரையைத்தான் நடைபாதையும் விளக்குக் கம்பமுமாக ஒல்லாந்தர் உலாவிடமாக்கக் கட்டுரையாளர் கேட்கிறார். விளக்கு வைக்கட்டும். ஆனால் அந்தக் கரையின் வரலாறு 1795இல் நின்றுவிட்டது போல எழுத வேண்டாம்.

அவரது கடைசி ஆயுதம் சுற்றுலா வருமானம். கோட்டை வாசலைக் கடந்து நாள்தோறும் உள்ளே போகிறவர்களில் மிகப் பெரும்பான்மையினர் கோயிலுக்குப் போகிறவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையகத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறார்கள், தமிழ்நாட்டிலிருந்தும் வருகிறார்கள், கோணேசரைக் கும்பிடச் சிங்கள யாத்திரிகர்களும் வருகிறார்கள். ஊரின் விடுதிகளும் சாப்பாட்டுக்கடைகளும் முச்சக்கரவண்டிகளும் அவர்களால் ஓடுகின்றன. அவர்களை ஒதுக்கிவிட்டு ஒல்லாந்தர் சுவரைப் பார்க்க வருகிறவர்களை எண்ணி எத்தனை குடும்பம் அடுப்பு மூட்டும்?

ஆணையாளர் இல்லம் நிற்கட்டும். ஒஸ்டன்பேர்க்கின் மதில்களையும் காப்பாற்றட்டும். பொதுமக்கள் தடையின்றிப் போய்ப் பார்க்கும்படி கடற்படை அதைத் திறந்துவிடட்டும். பிரட்ரிக் கோட்டையின் வாசலில் எந்த விளக்கப்பலகை இருந்தாலும், மூன்று மொழியிலும் முதல் வரியாக, இந்தக் கோட்டை கோணேசர் கோயிலை இடித்த கற்களால் கட்டப்பட்டது என்று இருக்க வேண்டும்; கயல் செதுக்கிய கல் எது என்று சுட்டிக்காட்ட வேண்டும். அதைச் செய்யும் பொறுப்பு தொல்பொருள் திணைக்களத்துடையது. கட்டுரையாளர் மறுமொழி எழுதுவதானால் எனக்கு வேண்டியது ஒரேயொரு விளக்கம்: நெதர்லாந்துப் பணத்தில் 2013இல் முடிந்த திருத்தவேலை மரபாகவும், ஊர்மக்கள் பணத்தில் 1963இல் முடிந்த திருப்பணி மரபில்லாததாகவும் அவருக்குத் தெரிவது எந்த விதிப்படி?